ஏழாம் எண் கணிப்பொறியின் கணக்குப் பிழை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இவ்வாண்டு எங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் இப்பழமொழியை நாங்களே ஒரு தோழியைப் பார்த்துச் சொன்னோம். கூடம் மெய்யாகவே கோணலாய் இருந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு சனிக்கிழமைகள் ஆயின. அந்தக் கதையோடு சேர்த்து, கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர் எவ்வாறு பழுதாகின்றது, பழுதானதை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதையும் இக்கட்டுரையில் கூற விரும்புகின்றோம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். நம்மில் பலருடைய தந்தையர் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்க்கின்றனர். அப்பேட்டையிலுள்ள ஆலை ஒன்று, தன் அலுவலகத்தில் பல்லாண்டு உழைத்த 12 கணிப்பொறிகளை நம் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தது. அவற்றுள் ஒன்றின் மதர்போர்டு வந்த மாதமே கருகிவிட்டது. உதிரிப் பாகங்களுக்கு உதவும் என்று அதனை மூலையில் வைத்தோம். மற்றப் பதினொன்றுக்கும் எண் ஒட்டினோம். ஏழாம் எண்ணுக்கு முன் உட்கார்ந்தவள்தான் மேற்சொன்ன தோழி. வீட்டில் கணிப்பொறி இல்லாதவள்; பத்தாம் வகுப்பில்தான் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்டாள்.

ஏழாம் எண் வாரத்தில் இரண்டு மூன்று முறை நின்றுவிடும். திரை நீலமாகும், தானே அணைந்து தானே எழும். ஒரு நாள் நினைவகத்தில் குறை என்று செய்தி வரும். இன்னொரு நாள் வட்டில் கோப்பு கெட்டுவிட்டது என்று வரும். வேறொரு நாள் செய்தியே வராது. அவள் கண்ட இடத்தையெல்லாம் அழுத்துகின்றாள் என்றோம். பெரியம்மா வீட்டுப் பென்டிரைவிலிருந்து வைரஸைக் கொண்டு வந்துவிட்டாள் என்றோம். அவள், "நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகத்தான் நிற்கிறது" என்று சொன்னபோதுதான் அந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரித்தோம். யாரால் பழுதானது என்று மிஸ் கேட்டபோது அவளுடைய பெயரை எழுதிக் கொடுத்தவர்களும் நாங்களே. இரண்டு வாரம் அவள் விசைப்பலகையைத் தொடக்கூடாது, பக்கத்தில் அமர்ந்து குறிப்பு மட்டும் எழுதலாம் என்று முடிவாயிற்று.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் பாடநூல் மையச் செயலகம் என்று கூறும் பிராசஸர், ஒரு சிறிய சதுர வில்லை. அதனுள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு 300 கோடி தடவைக்கும் மேலாகத் தாளம் தவறாமல் திறந்து மூடுகின்றன. இக்காலத்துப் பிராசஸர் ஒன்றினுள் பல கோர்கள் இருக்கும். நான்கு கோர் என்றால், ஓர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து தனித்தனியே கணக்குப் போடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நால்வரில் ஒருவர் மட்டும், அதுவும் அவசரப்படுத்தும்போது மட்டும், எப்போதாவது ஓரிலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும்? விடைத்தாளைப் பார்ப்பவருக்குப் பிழை தெரியும். யார் செய்த பிழை என்பது தெரியாது. தவறான விடையை வாங்கிச் சென்ற நினைவகமோ வட்டோதான் தடுமாறி விழும். பழியும் அவற்றின்மேல் விழும். ஏழாம் எண் நாளொரு செய்தி சொன்னதற்கு இதுவே காரணம் என்று பின்னரே விளங்கிற்று.

பிராசஸரும் பிழை செய்யும் என்று உலகமே வியந்த ஆண்டு 1994. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் தாமஸ் நைஸ்லி. 11, 13 போலவும் 17, 19 போலவும் இரண்டே வித்தியாசத்தில் வரும் பகா எண் ஜோடிகளை இரட்டைப் பகா எண்கள் என்பர். அவற்றின் தலைகீழ் எண்களைக் கூட்டிக்கொண்டே போவது அவருடைய ஆராய்ச்சி. அவ்வாண்டு ஜூன் மாதம், இன்டெல் கம்பெனியின் புதிய பென்டியம் கணிப்பொறி தந்த கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. அவர் உடனே பிராசஸரின்மேல் பழி போடவில்லை. தம் புரோகிராமைச் சந்தேகித்தார், மதர்போர்டைச் சந்தேகித்தார், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் 824633702441, 824633702443 என்னும் ஜோடியின் தலைகீழ் எண்களைக் கணக்கிடும் இடத்தில் பிழையைப் பிடித்தார். அக்டோபரில்தான் பிராசஸரே குற்றவாளி என்று உறுதியாகச் சொன்னார். நான்கு மாதப் பொறுமை!

தோழியரே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்களே பார்க்கலாம். 4195835 என்ற எண்ணை 3145727 என்ற எண்ணால் வகுத்தால் 1.33382 என்று வரும். பிழையுள்ள பென்டியம் 1.33374 என்றது. அந்த ஈவை மறுபடி 3145727-ஆல் பெருக்கி 4195835-இலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டும் அல்லவா? பென்டியத்தில் 256 வந்தது. வகுப்பதற்கு அந்தப் பிராசஸர் தன்னுள்ளே ஒரு வாய்ப்பாட்டை வைத்திருந்தது. அதில் 2 என்று இருக்க வேண்டிய சில கட்டங்கள் காலியாக விடப்பட்டிருந்தன. கணக்கு அந்தக் கட்டங்களுக்குள் போகும் போதெல்லாம் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு விடை கெட்டது. சாதாரண மனிதருக்கு 27,000 ஆண்டுக்கு ஒரு முறைதான் இப்பிழை நேரும் என்று இன்டெல் முதலில் சமாதானம் சொன்னது. 24 நாளைக்கு ஒரு முறை நேரலாம் என்று ஐ.பி.எம். மறுத்தது. முடிவில் டிசம்பர் 20 அன்று, கேட்பவர்க்கெல்லாம் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதற்கென அது ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அதன்பின் கணக்கிடும் பகுதிகளைச் சோதித்துப் பார்ப்பதோடு நில்லாமல், வடிவியல் தேற்றத்தை நிறுவுவதுபோல் கணித முறையால் நிறுவியே வெளியிடும் பழக்கம் வளர்ந்தது. தேற்றங்களை மனப்பாடம் செய்வதில் என்ன பயன் என்று சலித்துக்கொள்ளும் எங்களுக்கு இது ஓரளவு வாயடைப்பாக இருந்தது.

பென்டியத்தின் பிழை வரைபடத்திலேயே இருந்தது. ஆகையால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் பிழைத்தது. இன்னொரு வகை உண்டு. வரைபடம் சரியாக இருந்தும், ஒரு வில்லை மட்டும் பிறவியிலோ வயதாலோ நலிவுறுவது. 2021-ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்கள் கணிப்பொறிக் கூடங்களில் கண்ட ஒரு சம்பவத்தை வெளியிட்டனர். சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கையில் சில கோப்புகள் மாயமாகிக்கொண்டிருந்தன. தேடித் தேடிப் பார்த்தால், ஒரே ஒரு கணிப்பொறியில், 59-ஆம் எண் கோர் மட்டும் 1.1-ஐ 53 தடவை பெருக்கச் சொன்னால் 156 என்று சொல்வதற்குப் பதிலாக 0 என்றது. 52 தடவை பெருக்கச் சொன்னால் சரியாக 142 என்றது! கோப்பின் அளவு பூஜ்யம் என்று விடை வந்ததால், எழுத ஒன்றுமில்லை என்று கணிப்பொறி விட்டுவிட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. நின்றுபோகும் பிராசஸரைவிட, நிற்காமல் தப்பாகச் சொல்லும் பிராசஸரே கொடியது என்பது எங்கள் கருத்து.

அண்மையில் 2024-இல் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்கள் பலவற்றில் விளையாட்டுகள் நடுவிலே நின்றன. திரையில் வந்த செய்தி, படம் காட்டும் அட்டையில் நினைவகம் போதவில்லை என்பது. அட்டையை மாற்றியவர்களுக்கும் குறை தீரவில்லை. பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிக்கொண்டு, தாளம் கொடுக்கும் சுற்று சீக்கிரமே மூப்படைந்ததே காரணம் என்று பின்னர் அந்நிறுவனமே கூறியது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மைக்ரோகோடு என்னும் திருத்தங்களை அளித்து, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டியது. ஆனால் ஏற்கெனவே மூப்படைந்த வில்லையை அத்திருத்தம் இளமையாக்காது, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு தடவை மட்டும் நேரும் பிழையை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2003-இல் பெல்ஜியம் நாட்டு ஷார்பீக் நகரில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. அதாவது நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டிருக்கலாம் என்பர். அப்படிப்பட்டது வந்தால் வந்தது, போனால் போனது. திரும்பத் திரும்ப வருவதற்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஏழாம் எண்ணுக்கு நாங்கள் பார்த்த வைத்தியம் இது. மிஸ்ஸும், சர்வீஸ் செய்ய வரும் அண்ணனும் வழி காட்டினார்கள். அண்ணன் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசி வரை தெரியாதும்மா."

எல்லாரும் முதலில் சந்தேகித்தது மின்சாரத்தை. உருக்காலைகள் நிறைந்த ஊரில் விளக்கு மங்கி மங்கி எரிவது புதிதல்ல. யு.பி.எஸ். வைத்துப் பார்த்தோம், நின்றது. அண்ணன் மல்டிமீட்டரால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை அளந்தார். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாமாம், இருந்தது 12.1. ஆனாலும் எட்டாம் எண்ணின் பெட்டியைக் கழற்றி மாட்டினார். அப்போதும் நின்றது.

அடுத்தது சூடு. மூடியைத் திறந்தால் விசிறியின் இறக்கைகளில் கருந்தூசி வெல்வெட்டுத் துணிபோல் படிந்திருந்தது. தூரிகையால் துடைத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை ஸ்பிரிட்டால் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவினார் அண்ணன். பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம்முடையது வேலை கொடுத்தபோதும் 68-ஐத் தாண்டவில்லை. இப்போது சரியாகிவிடும் என்று நாங்கள் மிட்டாய்கூட வாங்கிவிட்டோம். மறுநாளே நின்றது.

பயாஸ் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினோம். நினைவகத்தை மெம்டெஸ்ட்86 கொண்டு வெள்ளி மாலை தொடங்கி இரவு முழுவதும் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகவும் மாட்டிப் பார்த்தோம். வைரஸ் என்ற எங்கள் குற்றச்சாட்டையும் சோதிக்க வேண்டியிருந்தது. வட்டையே கழற்றி வைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி வேலை கொடுத்தோம். வட்டு இல்லை, விண்டோஸ் இல்லை, அவளுடைய பெரியம்மா வீட்டுப் பென்டிரைவும் இல்லை. ஆயினும் நின்றது. அன்று எங்களில் எவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வழி காட்டியது அவளுடைய நோட்டுதான். குறிப்பு மட்டும் எழுதலாம் என்று சொன்னதைத் தண்டனையாக எண்ணாமல், தேதி, மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, வந்த செய்தி, விளக்கு மங்கியதா என்று கட்டம் போட்டு எழுதி வந்திருந்தாள். செய்திகள் வெவ்வேறாக இருந்தாலும், பாதிக்கு மேற்பட்ட தடவை வேலைக் கட்டத்தில் ஒரே சொல் இருந்தது: ஜிப். பாடக் கோப்புகளைச் சுருக்கத்திலிருந்து விரிக்கும்போதுதான் நின்றிருக்கிறது. சுருக்கத்தை விரிப்பது பிராசஸரை முழு மூச்சாக வேலை வாங்கும் காரியம். அதோடு, ஒரே ஒரு பிட் தவறினாலும் கூட்டிப் பார்க்கும் எண் ஒத்துவராமல் உடனே காட்டிக் கொடுத்துவிடும். பிழை பிடிக்க இதைவிட நல்ல பொறி இல்லை.

ஒரே ஜிப் கோப்பை ஆறாம் எண்ணில் இருபது தடவை சோதித்தோம், இருபதும் சரி. ஏழாம் எண்ணில் மூன்று தடவை கெட்டுப்போன கோப்பு என்றது, மற்றத் தடவைகளில் நல்ல கோப்பு என்றது. ஒரே கேள்விக்கு இரு விடை! அப்பால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் பதிவுகளைப் பார்த்தோம். டபிள்யூ.எச்.இ.ஏ. என்ற தலைப்பில், பிராசஸர் தானே உணர்ந்து சொல்லும் வன்பொருள் பிழைகள் அங்கே பதிவாகும். 19 என்ற எண்ணிட்டவை பிராசஸர் தானே திருத்திக்கொண்டவை. 18 என்ற எண்ணிட்டவை திருத்த முடியாமல் கணிப்பொறியையே நிறுத்தியவை. ஒவ்வொரு பதிவிலும் ஏ.பி.ஐ.சி. என்று ஓர் அடையாள எண் உண்டு. எந்தக் கோரில் பிழை என்பதை அது குறிக்கும். இது ஊர் சுற்றிக்கொண்டிருந்தால் மின்சாரத்தையோ மதர்போர்டையோ மறுபடி சந்தேகிக்க வேண்டும். எங்கள் பதிவுகளில் எப்போதும் 4 அல்லது 5. நம் பிராசஸரில் ஒரு கோருக்கு இரண்டு எண் வீதம் 0 முதல் 7 வரை உண்டு. 4-உம் 5-உம் மூன்றாம் கோருக்குரியவை.

உறுதி செய்ய, டாஸ்க் மேனேஜரில் ஒரு வேலையை இன்ன கோர் மட்டுமே செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டு, நான்கு கோர்களுக்கும் அதே ஜிப் கோப்பைத் தனித்தனியே கொடுத்தோம். முதலாவது, இரண்டாவது, நான்காவது ஆகியவை ஒரு தடவையும் தவறவில்லை. மூன்றாவது, இருபதில் ஆறு தடவை தவறிற்று. அந்த அறையில் அப்போது எழுந்த கூச்சலைக் கேட்டு நூலக சிஸ்டர் ஓடி வந்துவிட்டார்கள்.

கடைசிச் சோதனை மாற்றிப் பொருத்துவது. மூலையில் கிடந்த செத்த கணிப்பொறியின் பிராசஸர் அதே ரகம். அண்ணன் அதனை எடுத்து ஏழாம் எண்ணில் பொருத்தினார். ஏழாம் எண்ணுடையதை எட்டாம் எண்ணில் பொருத்தினார். பிராசஸர் உட்காரும் குழியிலுள்ள ஊசிகள் தலைமயிர்போல் மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் மதர்போர்டே வீணாகும் என்பதால் எங்களைக் கைகட்டி நிற்கச் சொன்னார். மூன்று நாள் காத்திருந்தோம். ஏழாம் எண் நிற்கவேயில்லை. எட்டாம் எண் செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாட வேளையில் நீலத் திரையைக் காட்டியது. பழுது பிராசஸரோடு இடம் பெயர்ந்துவிட்டது.

தலைமைச் சகோதரியிடம் சொன்னபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி எங்களுக்குத் தோன்றாதது. "காலாண்டு மதிப்பெண் பட்டியல் எந்தக் கணிப்பொறியில் கூட்டியது?" ஏழாம் எண்ணில்தான்! அன்று மாலை 43 மாணவியரின் மதிப்பெண்களையும் மூன்று பேர் மூன்று தடவை கையால் கூட்டினோம். ஒரு கூட்டல்கூடத் தவறாக இல்லை. ஆனால் கூட்டி முடிக்கும் வரை எங்களுக்குக் கை நடுங்கிக்கொண்டேயிருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன் நாங்கள் அறுவரும் தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். முதலில் எங்களை ஓட விட்டாள். பிறகு, "ஆடத் தெரியாதவள் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுங்கள், போதும்" என்றாள். பழுப்புத் தாள் வாங்கி அட்டை போட்டுக் கொடுத்தோம்.

பழைய பிராசஸர் இப்போது கணிப்பொறி அறை அலமாரியில் ஒரு ஜியாமெட்ரி பெட்டிக்குள் இருக்கிறது. மேலே "மூன்றாம் கோர் நம்பத்தக்கதன்று" என்று அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. ஏழாம் எண்ணுக்கு முன் அவளே உட்காருகிறாள். நோட்டை நிறுத்தவில்லை. தேதி, மணி, வேலை எல்லாம் முன்போலவே எழுதுகிறாள். செய்தி என்ற கட்டத்தில் மட்டும் வரிசையாகச் சிறு கோடுகள்.